சாய்பலகை

2046 மார்ச் 12, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, சென்னைக்குத் தெற்கே தாழம்பூரில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில், 914ஆம் எண் வீட்டிலிருந்து ஒரு கட்டிலைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். வேலை பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

கட்டில் என்றால் கால் வைத்த கட்டில் இல்லை. சுவரோடு மடிந்து நிற்கும் ஆறடிப் பலகை, அதன் கீல்கள், அதை இறக்கி ஏற்றும் ஒரு சிறிய மோட்டார். வந்த இரண்டு ஆட்களில் ஒருவர் பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்தார். 'பூங்கோதை, 52' என்று அதில் இருந்தது. அதே இடத்தில் ஒரு படிப்பு மேசையைப் பொருத்தி, 'நறுமுகை, 17' என்ற சீட்டை ஒட்டினார்கள். பழைய பலகையை அதே மாடியில் 921ஆம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுக்கு அந்த வாரம்தான் ஒரு மருமகள் வந்திருந்தாள்.

பூங்கோதை அப்போது தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தாள். கீழ்மாடிகளில் எல்லாவற்றையும் இயந்திரங்களே எடுத்துக் காட்டின. கல்யாணப் பட்டை மட்டும் ஒரு பெண் தன் தோளில் போட்டுக் காட்டினால்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள் என்பதால், மூன்றாவது மாடியில் ஒன்பது பெண்களை வைத்திருந்தார்கள். அவள் அங்கே நிற்கத் தொடங்கி முப்பத்து மூன்று வருடம். அவளுக்கு இருபத்தேழு வயதானபோது, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. ஆளுக்கொரு ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்தவர்களின் பெயரை மேற்பார்வையாளர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஒரே மாதத்தில் ஸ்டூல்களின் மேல் புடவைப் பெட்டிகள் ஏறிவிட்டன.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. புதிய மேசையில் தம்பி மகள் நறுமுகை படித்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை மேசையைத் தடவிப் பார்த்து, விளக்கு நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்றாள். பாப்பாவுக்கு உபயோகப்படுவதுதான் முக்கியம் என்றாள். தம்பி மனைவி ஷர்மிளா, அண்ணி எப்போதுமே இப்படித்தான் என்று தன் கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

குறை சொல்ல முடியாத வீடு அது. மொத்தம் 192 சதுர அடி. நான்கு பேர். காலை ஆறு மணிக்குக் கட்டில்கள் மேலே போகும், சாமி அலமாரி வெளியே வரும். ஏழு மணிக்கு அலமாரி உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசை இறங்கும். எட்டரைக்கு அந்த மேசையே குறுகி இஸ்திரிப் பலகையாகும். பகல் ஒரு மணிக்கு மூன்று பக்கச் சுவர்களும் சேர்ந்து, ஷர்மிளாவின் பணியறையாக மாறும். அவள் அங்கே உட்கார்ந்து ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை இயக்கினாள். முதல்முறை வருகிற உறவினர்கள் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு சௌகரியமா என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான்.

இடத்தை அடியால் பிரிக்காமல் மணியால் பிரித்ததுதான் இதற்குக் காரணம். படுத்திருக்கும் ஆளுக்குப் பதினெட்டு சதுர அடி வேண்டும். உட்கார்ந்திருந்தால் ஆறு. நின்றால் இரண்டு. யார் எந்த நேரத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அறுநூறு சதுர அடியில் வாழவேண்டியவர்களை 192இல் வாழவைக்கலாம். அதைத் தெரிந்துகொள்வதற்காக வீடு தினமும் மாலை ஏழு மணிக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டது. வெளியே இருந்தால் கைப்பேசியில் கேட்டது. "பூங்கோதை, நாளைக்கு உங்களுக்கு இன்னும் இடம் வேண்டுமா? இருப்பது போதுமா?"

பூங்கோதை, போதும் என்று சொல்லிவந்தாள்.

அவள் வளர்ந்த வீட்டில் அந்தச் சொல் பேச்சின் முடிவு இல்லை. இலையின் மேல் கையை மறித்துப் போதும் என்பார்கள். பரிமாறுகிறவர், அட ஒரு கரண்டிதான் என்று கையை விலக்கிவிட்டு ஊற்றுவார். மூன்றாம் முறை மறுத்தால்தான் அது மறுப்பு. முதல் முறையே ஊற்றுங்கள் என்கிறவளுக்கு அலைகிறவள் என்று பெயர் வரும். முதல் முறையே சரி என்று கரண்டியோடு நகர்ந்துவிடுகிறவரைப் பற்றி இரண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள். தம்பி வீட்டில் இருக்கும் கல்யாணமாகாத அக்காவுக்கு இந்த ஒழுங்கு இன்னும் கறாரானது.

வீடு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கேட்டது.

அது தம்பி வீடு என்பதும் அவளாகச் செய்துகொண்டதுதான். கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கான ஒதுக்கீட்டில், அவள் பெயரில் கிடைத்த வீடு அது. விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் தம்பி லோகநாதனின் பெயரை எழுதினாள். ஆண்பிள்ளை ஒருவன் இருக்கும்போது தன் பெயரை எழுதுவது நன்றாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது. பக்கத்தில் நின்ற யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நறுமுகை மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகத் தொடங்கியபோது, விடியற்காலை நாலு மணிக்கு மேசை தேவைப்பட்டது. மேசை இறங்க வேண்டுமானால் ஒரு கட்டில் ஏற வேண்டும். பூங்கோதை சாய்பலகைக்கு மாறிக்கொண்டாள். அது பகலில் பத்து நிமிடம் கண்ணயர்வதற்காகக் கொடுக்கப்பட்ட சாதனம். கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு பலகை. பாதம் வைக்க ஒரு விளிம்பும், விழுந்துவிடாமல் இருக்க மார்பின் குறுக்கே ஒரு பட்டையும் உண்டு. மூன்று சதுர அடியில் முடிந்துவிடும். முப்பது வருடம் நின்றவளுக்கு அதில் தூக்கம் வந்தது. ஷர்மிளா அதை மாடி முழுக்கப் பெருமையாகச் சொன்னாள். நறுமுகை அவளுக்குக் 'குதிரை அத்தை' என்று பெயர் வைத்தாள். பூங்கோதையும் சிரித்தாள்.

இடையில் உடம்பு முடியாமல் மூன்று நான்கு முறை ஒவ்வொரு நாள் கட்டில் கேட்டிருக்கிறாள்; கடைசியாக 2045 செப்டம்பர் 12ஆம் தேதி அவளுக்குக் காய்ச்சல். அன்று ஒரு நாள் மட்டும் கட்டில் கேட்டாள், வீடு கொடுத்தது. மறுநாளிலிருந்து மீண்டும் போதும் என்றாள். மார்ச் 11ஆம் தேதியோடு அது நூற்றெண்பது நாள் ஆயிற்று. தொடர்ந்து நூற்றெண்பது நாள் வேண்டாம் என்று சொல்லப்பட்ட இடம், வேண்டும் என்பவர்களுக்கு நிரந்தரமாகப் போய்விடும். குடியிருப்பின் விதிகளில் ஏழாவது அது.

மார்ச் கடைசியில் அவளுடைய இடது கணுக்காலுக்கு மேலே ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு புண் வந்தது. நரம்புச் சுருட்டு அவளுக்கு நெடுநாளாக உண்டு, சர்க்கரையும் உண்டு. 28ஆம் தேதி அரசு மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் வயதானவர், வேகமாகப் பேசுகிறவர். காலை அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார்.

"நிக்கிற வேலைங்க."

"இனிமே படுக்கிற வேலை. தினமும் பத்து மணி நேரம் மல்லாந்து படுக்கணும். காலு நெஞ்சைவிட ஒசரமா இருக்கணும். ஆறு வாரம். மாத்திரையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

படுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். புண் மேலே ஏறும், பிறகு நான் பார்க்க மாட்டேன், வேறு ஆள் பார்ப்பார் என்றார். அந்த வேறு ஆள் அறுவைச் சிகிச்சை மருத்துவர் என்பது வெளியே வந்து செவிலியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்று மாலை ஏழு மணிக்கு வீடு கேட்டபோது, வேண்டும் என்றாள். கைப்பேசியை வாயருகே வைத்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். உங்கள் பெயரில் படுக்கும் இடம் இல்லை, நிற்கும் இடத்தையும் சாயும் இடத்தையும் கூட்டித் தரலாம் என்று வீடு பதில் சொன்னது.

மறுநாள் தரைத்தள அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ரெஹானா என்ற பெண் இருந்தாள். வயது முப்பதுக்குள். குடியிருப்பை நடத்தும் நிறுவனத்தின் ஆள் என்றாலும், எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையைப் பார்த்துவிட்டு, நூற்றெண்பது நாள் போதும் என்று சொல்லியிருக்கிறீர்களே அம்மா என்றாள்.

"அது சும்மா சொல்றதுதானேம்மா. யாரு கேட்டாலும் அப்படித்தானே சொல்லுவோம்."

"ஒரு நாள், ரெண்டு நாள் அப்படிச் சொல்லலாம்மா. அதுக்குத்தான் அவ்ளோ நாள் வச்சிருக்காங்க. மரியாதைக்காக ஆறு மாசம் யாராவது பொய் சொல்வாங்களா?"

பூங்கோதை யோசித்தாள். "நான் சொல்லுவேன்," என்றாள்.

ரெஹானா சிரித்தாள். பிறகு இருக்கிற வழிகளைச் சொன்னாள். மருத்துவரின் சீட்டை வைத்து மேல்முறையீடு செய்யலாம், அறுபது வேலை நாள் ஆகும். அதிலும் சிக்கல் உண்டு, ஏனென்றால் அவள் நடந்துவந்திருக்கிறாள், வாசலில் உள்ள கேமரா அதைப் பார்த்திருக்கிறது. அதைவிடச் சுலபம் வீட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்வது. ஒருவருடைய நேரத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கக் குடும்பத் தலைவர் ஒருவரால் முடியும்.

"உங்க தம்பி சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. கோரிக்கையை நான் இன்னைக்கே அவருக்கு அனுப்பிடறேன். அவரு சொன்ன அன்னைக்கே பலகை வந்துடும்."

"அவன் சொல்லுவான்," என்றாள் பூங்கோதை.

ஏப்ரல் 1, ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வேளை ஞாயிறு மதியம்தான். கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். மருத்துவர் சொன்னதை அவள் வேறு யாருக்கோ நேர்ந்ததைப் போலச் சொன்னாள். என்னமோ பத்து மணி நேரம் படுக்க வேண்டுமாம், ஆறு வாரமாம், இந்தக் காலத்து டாக்டர்கள் எதைத்தான் சொல்லவில்லை என்றாள். ஆபீசில் இருக்கும் பெண் எதையோ அனுப்புவதாகச் சொன்னாள் என்றும் நடுவில் சேர்த்துக்கொண்டாள்.

லோகநாதன் பொருள் கொண்டுவரும் டிரோன்களைப் பழுதுபார்க்கிறவன். இடுப்பு வலிக்காரன். கேட்டுப் பார்க்கிறேன் அக்கா என்றான். ஷர்மிளா நிதானமாகக் கணக்குப் போட்டுச் சொன்னாள். தன் பணியறை எட்டு மணி நேரம் இறங்கியிருந்தாக வேண்டும், அதில் ஒரு அடி குறைந்தாலும் துறைமுகத்தில் தன் உரிமத்தை நிறுத்திவிடுவார்கள், வீடு ஓடுவது அதில்தான். லோகநாதன் படுக்காவிட்டால் மறுநாள் குனிய முடியாது. பாப்பாவுக்கு மே ஆறாம் தேதி தேர்வு. சொல்லிவிட்டு, எதைக் குறைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் அண்ணி என்றாள். அவள் சொன்ன எதுவும் பொய்யில்லை.

நறுமுகை தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அத்தை, பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு என் மேசையை எடுத்துக்கோ. சத்தியமா."

"பரவாயில்லடா கண்ணு. நான் சமாளிச்சுக்கிறேன்," என்றாள் பூங்கோதை.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஷர்மிளா அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்ற வந்தாள். பூங்கோதை கையை மறித்தாள். "அட, சாப்பிடுங்க அண்ணி," என்று ஷர்மிளா கையை விலக்கிவிட்டு ஊற்றினாள். ஒரு துண்டு கறியும் தேடி எடுத்து வைத்தாள்.

வீட்டுக்குத்தான் அந்த வழக்கம் தெரியாது.

தரையில் பாய் விரித்துப் படுக்க முடியாதா என்று தோன்றலாம். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடை விடுமுறை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பாயை விரித்து, காலை அரிசி டப்பாவின் மேல் தூக்கி வைத்துப் படுத்தாள். நன்றாகத் தூங்கிவிட்டாள். தரையில் ஆள் கிடந்தால் எந்தச் சுவரும் இறங்காது, இரவில் மற்றவர்களின் கட்டில்களும் இறங்காது, யார் மேலும் விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு மணிக்குப் பணியறை இறங்கவில்லை. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் ஒரு கப்பல் இருபது நிமிடம் காத்திருந்தது. ஷர்மிளா கத்தவில்லை. எழுந்திருங்கள் அண்ணி என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை எல்லோருக்கும் தெரியும்படி சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

அடுத்து மாடிப்படியின் திருப்பத்தில் படுத்துப் பார்த்தாள். அது தீ விபத்தின்போது இறங்கும் வழி என்று காவலாளி எழுப்பினான். எழுப்புவதற்கு முன்பே யாரோ படம் பிடித்துக் குடியிருப்பின் குழுவில் போட்டிருந்தார்கள். கீழே பூங்காவில் இருந்த பெஞ்சுகளில் ஒன்றரை அடிக்கு ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள், உட்காரத்தான் முடியும்.

கடையில் படுக்கத் தோதான இடம் ஒன்று இருந்தது. மூன்றாவது மாடியில் பட்டுகளை விரித்துக் காட்டுவதற்கென்று வெள்ளைத் துணி போர்த்திய பெரிய மெத்தை. முப்பத்து மூன்று வருடத்தில் அவள் அதன் மேல் கை வைத்திருக்கிறாள், முழங்கால் வைத்திருக்கிறாள், படுத்ததில்லை. ஏப்ரல் 19, வியாழக்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், இரண்டு புடவைக் கட்டுகளைக் காலுக்கு முட்டுக்கொடுத்து அதில் படுத்தாள். கண்ணை மூடவில்லை என்று பிறகு சொன்னாள். புண்ணிலிருந்து கசிந்தது வெள்ளைத் துணியைத் தாண்டி ஒரு முகூர்த்தப் பட்டின் முந்தானையில் ஏறியிருந்தது. மேற்பார்வையாளர் அவளைவிட இருபது வயது சிறியவர், அக்கா என்று கூப்பிடுகிறவர். நாளையிலிருந்து வரவேண்டாம் அக்கா என்றார்.

வேலை போனபிறகு பகல் ஒரு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவளுக்கு வீட்டில் இடம் இருக்கவில்லை. பணியறை இறங்கியபின் மிஞ்சுவது சமையல் மூலையில் இரண்டு சதுர அடி. அங்கே நின்றாள். கால் கனத்தால் கீழே போய்க் கைப்பிடி வைத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தினமும் லோகநாதனிடம் ஒரு முறை, அது என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் அவன், கேட்டுவிட்டேன் அக்கா, வீடு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, ஏதோ சர்வர் பிரச்சினையாம் என்றான்.

ஏப்ரல் 24ஆம் தேதி அந்தப் பெஞ்சுப் பக்கம் ரெஹானா வந்தாள். காலைப் பார்த்தாள். புண் உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. கட்டில் வந்து எத்தனை நாளாயிற்று, இன்னும் ஆறவில்லையா என்று கேட்டாள். பூங்கோதை, சர்வர் சரியானதும் வந்துவிடும் என்றாள்.

ரெஹானா கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள்.

"சர்வரெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. மார்ச் இருபத்தொம்பதாம் தேதியே அனுப்பிட்டேன். உங்க தம்பி பதினாலு தடவை தெறந்து பாத்திருக்காரு. ஒண்ணும் சொல்லல." பிறகு இன்னொன்றையும் சொன்னாள். கட்டில் போகப்போகிறது என்று நூற்றைம்பதாவது நாளிலும், நூற்றெழுபதாவது நாளிலும், நூற்றெழுபத்தொன்பதாவது நாளிலும் குடும்பத் தலைவருக்குத் தகவல் போயிருக்கிறது. மூன்றையும் அவன் படித்திருக்கிறான்.

அன்று மாலை லோகநாதன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். பணியறைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷர்மிளா பாரந்தூக்கியை இயக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் கருவி இருந்தது. நறுமுகை வகுப்புக்குப் போயிருந்தாள். பூங்கோதை சமையல் மூலையில் நின்றபடியே பேசினாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"லோகு, எனக்குப் படுக்க எடம் வேணும்."

அவன் ஒரு செருப்போடு நின்றான். கேட்டிருக்கிறேன் அக்கா என்று ஆரம்பித்தான்.

"ரெஹானா சொல்லிட்டா. நீ இன்னும் சொல்லலியாமே."

அவன் இரண்டாவது செருப்பையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்தான். பிறகு பேசியபோது குரலில் கோபம்தான் இருந்தது. அவளுக்கு அது புதிது.

"ரெண்டு வருஷமா வேணாம் வேணாம்னு சொன்னது யாரு? நாங்களா புடுங்கினோம்? எல்லாரும் அவங்கவங்க வாழ்க்கையை அதுக்கேத்த மாதிரி அமைச்சுக்கிட்டாச்சு. இப்ப வந்து நட்ட நடுவுல நின்னு வேணும்ங்கிற. யாருதை எடுத்துக் குடுக்கச் சொல்ற? நீயே பேரு சொல்லு."

அவள் பேர் சொல்லவில்லை.

"பதினாலு தடவை தெறந்து பாத்தேன். தெறந்தா, யாருதை எடுக்கிறதுன்னு கேக்குது. பொண்டாட்டி பேரு வருது, பொண்ணு பேரு வருது, என் பேரு வருது. எதை அமுக்குவேன்?" என்றான். அதன்பின் சற்றுத் தணிந்து, "பன்னெண்டே நாளுக்கா. ஆறாம் தேதி பரீட்சை முடியுது. ஏழாம் தேதி காலையில நானே பண்ணிடறேன். நீ வேணும்னு கேப்பன்னு நாங்க யாரும் நெனைக்கவே இல்ல. அதான்," என்றான்.

மணி ஏழானது. வீடு அவளை வழக்கம்போலக் கேட்டது. லோகநாதனும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள், வேண்டும் என்றாள். உங்கள் பெயரில் படுக்கும் இடம் இல்லை என்றது. அவன் குளிக்கப் போனான்.

பன்னிரண்டு நாள் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்வதைத் தவிர அவளால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை என்பது ஒரு பக்கம். பாப்பாவின் தேர்வைக் கெடுத்தவள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவளுக்கு இன்னொரு பக்கம். ஏப்ரல் 30ஆம் தேதி இடது காலின் மூன்று விரல்கள் கறுத்தன. மே 2ஆம் தேதி காய்ச்சலில் சாய்பலகையின் பட்டையில் தொங்கியபடி இருந்தவளைக் காலையில் நறுமுகைதான் முதலில் பார்த்தாள். அப்பா, அத்தை எழுந்திருக்கவில்லை என்றாள். ஷர்மிளா மகளை மேசைக்குத் திருப்பி உட்காரவைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

மே 5ஆம் தேதி சனிக்கிழமை முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். குடும்பத்தில் ஒருவரின் சம்மதம் தேவைப்பட்டது. லோகநாதன் தாளை ஒரு தடவைதான் பார்த்தான், உடனே கையெழுத்துப் போட்டான். தேர்வு முடியும்வரை நறுமுகைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் அவள் போய்த் தேர்வு எழுதினாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

மருத்துவமனையில் பூங்கோதைக்கு ஆறரை அடிக் கட்டில் கொடுத்திருந்தார்கள். அறுவைக்குப் பிந்திய நாட்களில் அவள் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் தூங்கியதாகச் செவிலியின் குறிப்பில் இருக்கிறது. ரெஹானா ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். வலி மருந்து கூட்டட்டுமா என்று பணியாள் வந்து கேட்டபோது, பூங்கோதை கூட்டச் சொன்னாள்.

லோகநாதன் மே 7ஆம் தேதி காலை எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. குடியிருப்பின் விதிகளில் பத்தொன்பதாவது, நிற்க இயலாதவர்களைப் பற்றியது. மருத்துவமனையின் பதிவு நேராக அலுவலகத்துக்குப் போனது. அப்படிப்பட்டவர்களுக்குக் கேட்காமலே கட்டில் தரவேண்டும், குடும்பத் தலைவரின் சம்மதம் தேவையில்லை, வேண்டிய இடம் மற்றவர்களிடமிருந்து சமமாக எடுத்துக்கொள்ளப்படும். அதற்கென்று தரைத்தளக் கிடங்கில் பதினோரு கட்டில்கள் எப்போதும் தயாராக இருந்தன. அவற்றில் ஒன்பதை அதுவரை யாரும் உபயோகித்ததில்லை.

மே 22, செவ்வாய்க்கிழமை காலை, மார்ச்சில் வந்த அதே இரண்டு ஆட்கள் வந்து, 914ஆம் வீட்டில் 'பூங்கோதை, 52' என்ற சீட்டோடு ஒரு கட்டிலைப் பொருத்தினார்கள். இந்த முறை இருபத்திரண்டு நிமிடம் ஆனது, பலகையை அளவுக்கு அறுக்க வேண்டியிருந்தது. உடலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கட்டில். இடது பக்கம் தொடைக்குக் கீழே தேவைப்படாத ஒன்றே முக்கால் சதுர அடியை வெட்டி எடுத்தார்கள். அது யார் பெயரில் சேரவேண்டும் என்று வீடு குடும்பத் தலைவரைக் கேட்டது. லோகநாதன் அன்றே பதில் சொன்னான். நறுமுகையின் மேசைக்கு ஒரு புத்தகத் தட்டு வந்தது.